பாஸ்கல் என்ற பெயருக்கு என்ன பொருள்?

குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்கள் எப்போதாவது 'பாஸ்கல்' என்ற பெயரில் வந்து நிற்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, வகுப்பில் இன்னொரு பிள்ளைக்கு அநேகமாக இருக்காது. பொருள் என்ன என்று விசாரித்தால்தான் சிக்கல். ஒருவர் 'ஈஸ்டரில் பிறந்தவன்' என்பார். இன்னொருவர் 'ஆட்டுக்குட்டி' என்பார். வேறொருவர் 'பாடுபடுகிறவன்', அதாவது துன்பப்படுகிறவன், என்பார். பாஸ்கர்தான் கிறிஸ்தவர்களிடம் பாஸ்கல் ஆனது, அதனால் 'சூரியன்' என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு.

கடைசி விளக்கம் முழுத் தவறு. மற்ற மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் பிள்ளைக்கு வைக்கப்போகும் பெயரை இப்படி அரைகுறையாகத் தெரிந்துகொண்டு வைக்கக் கூடாது என்பது என் எண்ணம். பாஸ்கல் ஒரு பண்டிகைக் காலத்தின் பெயர். அந்தக் காலம் எது, எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

நாளைச் சொல்லும் பெயர்கள்

ரோகிணி, ரேவதி, சுவாதி, கிருத்திகா என்று நம் வீடுகளில் பெயர் வைக்கிறோம். ரோகிணி என்றால் என்ன பொருள் என்று கேட்டால், "அவ பிறந்த நட்சத்திரம்" என்றுதான் பதில் வரும். அகராதியைப் புரட்டினால் 'செந்நிறம் கொண்டவள்' என்று ஒரு பொருள் கிடைக்கும். பெயர் வைத்த பாட்டிக்கு அது தேவைப்பட்டிருக்காது. பிள்ளை எந்த நாளில் வந்தது என்பதைத்தான் அவர் பெயரில் எழுதி வைத்தார்.

பாஸ்கல் இதே வகைப் பெயர்தான். நட்சத்திரத்துக்குப் பதிலாக இங்கே ஒரு திருநாள். மற்ற சமயங்களிலும் இந்த வழக்கம் உண்டு. துருக்கியில் ரமசான் என்பது ஆண்பிள்ளைப் பெயர், பெருநாள் என்ற பொருள்தரும் பைராம் என்பதும் அப்படியே. ஐரோப்பியக் கிறிஸ்தவர்களிடம் ஒரு பெரிய பட்டியலே இருக்கிறது. கிறிஸ்து பிறப்பிலிருந்து நோயல், நத்தாலி. மூன்று ராஜாக்கள் திருநாளின் கிரேக்கப் பெயரான தியோபானியாவிலிருந்து டிஃபனி. நவம்பர் 1ஆம் தேதி வரும் சகல புனிதர் திருநாளிலிருந்து பிரெஞ்சில் தூசேன். ஹைத்தியின் விடுதலைப் போராட்டத் தலைவர் தூசேன் லூவெர்த்யூர் பெயரில் இருப்பது இந்தத் திருநாள்தான்.

இவற்றைத் திருநாள் பெயர்கள் என்று அழைப்போம். பாஸ்கல் எந்தத் திருநாளின் பெயர்? பாஸ்கா என்ற திருநாளின் பெயர்.

ஓர் இரவும் ஓர் ஆடும்

பாஸ்கா முதலில் யூதர்களின் திருவிழா. விவிலியத்தின் இரண்டாம் நூலில் 12ஆம் அதிகாரம் இதைச் சொல்கிறது. அந்த நூலைச் சீர்திருத்தச் சபையார் (புராட்டஸ்டன்டுகள்) யாத்திராகமம் என்பார்கள், கத்தோலிக்கர்கள் விடுதலைப் பயணம் என்பார்கள்.

எகிப்தில் இஸ்ரயேலர் அடிமைகளாக இருக்கிறார்கள். விடுதலைக்கு முந்தைய இரவு. வீட்டுக்கு ஒரு ஆட்டுக்குட்டி, பழுதற்றது, ஒரு வயது ஆனது. அதை மாலையில் அறுத்து, இரத்தத்தைக் கதவு நிலைக்கால்களிலும் மேற்சட்டத்திலும் பூச வேண்டும். இறைச்சியை நெருப்பில் வாட்டி, புளிப்பில்லாத அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் அன்று இரவே சாப்பிட்டுவிட வேண்டும். எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதும் எழுதியிருக்கிறது: இடுப்பில் கச்சை கட்டி, காலில் செருப்பு போட்டு, கையில் கோல் பிடித்து, அவசர அவசரமாக. கிளம்பத் தயாராக நிற்கிறவர்களின் சாப்பாடு அது. நள்ளிரவில் எகிப்தின் தலைப்பிள்ளைகள் சாகிறார்கள். இரத்தம் பூசிய வீடுகளை மட்டும் அழிவு தொடாமல் கடந்து போகிறது.

அந்தக் கடந்து போதலுக்கு எபிரேய மொழியில் 'பெசாக்' என்று பெயர். அந்த இரவுக்கும் அதே பெயர். அதை நினைவுகூரும் விழாவுக்கும் அதே பெயர். அன்று அறுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் அதே பெயர். 'ஆட்டுக்குட்டி' என்ற பொருள் பெயர்ப் பட்டியல்களுக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான். தவறில்லை, ஆனால் விழாவை விட்டுவிட்டு ஆட்டை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இயேசு சிலுவையில் இறந்தது எருசலேமில் இந்தத் திருவிழாக் காலத்தில். அதனால் தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் அவருடைய மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் புதிய பாஸ்காவாகப் பார்த்தார்கள். அடிமைத்தனத்திலிருந்து விடுதலைக்குக் கடந்தது அங்கே, சாவிலிருந்து வாழ்வுக்குக் கடந்தது இங்கே. விழாவின் பெயரை அவர்கள் மாற்றவில்லை. ஈஸ்டர் என்று நாம் சொல்வதும் பாஸ்காதான்.

பெசாக் எப்படி பாஸ்கல் ஆனது

எபிரேய 'பெசாக்', பேச்சு மொழியாக இருந்த அரமேயத்துக்கு வந்தபோது கடைசியில் ஆகாரம் சேர்ந்து 'பஸ்கா' ஆனது. அரமேயத்தில் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் அப்படித்தான் முடியும். கி.மு. 3, 2ஆம் நூற்றாண்டுகளில் எபிரேய மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தார்கள். எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்று அதற்குப் பெயர். அதிலும் இந்தச் சொல்லைப் பொருள் பெயர்க்காமல் 'பஸ்கா' என்றே வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து லத்தீனுக்கும் அப்படியே போனது.

லத்தீனில்தான் ஆள்பெயர் பிறக்கிறது. ஒரு சொல்லோடு 'ஆலிஸ்' என்ற விகுதியைச் சேர்த்தால் 'அதைச் சேர்ந்த' என்று பொருள். பிறப்பைச் சேர்ந்தது நத்தாலிஸ், அதிலிருந்துதான் நத்தாலியும் நோயலும். பாஸ்காவைச் சேர்ந்தவர் பஸ்காலிஸ். 9ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பெயரில் ஒரு திருத்தந்தை (போப்) இருந்தார், 817 முதல் 824 வரை.

அப்புறம் ஒவ்வொரு நாடும் தன் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. பிரெஞ்சில் பாஸ்கல், இத்தாலியில் பாஸ்குவாலே, ஸ்பெயினில் பாஸ்குவால், போர்ச்சுகலில் பாஸ்குவால் என்பதற்கு நெருங்கிய இன்னொரு வடிவம், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பாஸ்கோ. தமிழில் சீர்திருத்தச் சபையாரின் விவிலியம் 'பஸ்கா' என்று எழுதும், கத்தோலிக்கர்கள் 'பாஸ்கா' என்பார்கள். சிங்களத்தில் ஈஸ்டருக்குப் பெயர் 'பாஸ்கு'.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வோம். பெசாக் என்பது கடந்து போதல். அதுவே ஒரு விழாவின் பெயர். அந்த விழாவைச் சேர்ந்தவர் பாஸ்கல்.

பாஸ்கர் எப்படி உள்ளே வந்தார்?

பாஸ்கர் வடமொழிச் சொல். 'பாஸ்' என்றால் ஒளி, 'கர' என்றால் செய்கிற. ஒளி செய்கிறவன் சூரியன். பாஸ்காவோடு எந்தத் தொடர்பும் இல்லை. தமிழில் பஸ்ஸுக்கும் பணத்துக்கும் ஒரே 'ப'தான். வாயால் சொன்னால் பாஸ்கரின் முதலெழுத்து பஸ்ஸில் வருகிற ஒலி, பாஸ்கலின் முதலெழுத்து பணத்தில் வருகிற ஒலி. எழுத்தில் வேறுபாடு தெரியாததால் கண் ஏமாந்துபோகிறது. அவ்வளவுதான்.

'பாடுகள்' என்ற குழப்பம்

இது அப்படி எளிதாக ஒதுக்கிவிடக்கூடியதல்ல. தமிழ்க் கத்தோலிக்கக் கிராமங்களில் 'இன்னைக்கு எங்க ஊர்ல பாஸ்கா' என்றால் நாடகம் நடக்கிறது என்று அர்த்தம். மேடை கட்டி, ஊர்க்காரர்களே வேடம் போட்டு, இயேசுவின் பாடுகளை இரவு நெடுநேரம் நடிப்பார்கள். பிலாத்துவின் அரண்மனை, சாட்டையடி, சிலுவை சுமத்தல், மாதாவின் புலம்பல் என்று பார்த்து அழுதே வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாஸ்கா என்ற சொல்லே துன்பத்தின் சொல்லாகப் பதிந்துவிடுகிறது. அவர்களில் யாராவது 'பாஸ்கல் என்றால் பாடுபடுகிறவன்' என்று சொன்னால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இதே குழப்பம் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கிரேக்கத்தில் 'பஸ்கெயின்' என்றால் துன்புறுதல். பஸ்கா என்ற சொல் காதில் விழுந்ததும் கிரேக்கம் பேசியவர்களுக்கு அந்த வினைச்சொல்தான் நினைவுக்கு வந்தது. 2ஆம் நூற்றாண்டில் சர்தை நகர ஆயராக இருந்த மெலித்தோ, பாஸ்காவைப் பற்றிய தம் மறையுரையில் பாடுபடுவதிலிருந்தே பாஸ்கா என்ற பெயர் வந்தது என்று விளக்குகிறார். பிறகு புனித அகுஸ்தினார் (354–430) இதைத் திருத்துகிறார்: இது கிரேக்கச் சொல் என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படியல்ல, எபிரேயச் சொல், கடந்து செல்வதையே குறிக்கிறது.

சொற்பிறப்பில் அகுஸ்தினார் சொன்னதுதான் சரி. ஆனால் பக்தியில் இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன. பாடுகள் இல்லாமல் உயிர்ப்பு இல்லை என்பதால், நம் நாடகக்காரர்கள் அந்தப் பெயரை வைத்ததைப் பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிள்ளையின் பெயருக்குப் பொருள் எழுதும்போது மட்டும் 'துன்பம்' என்று எழுதிவிடாதீர்கள்.

'ஈஸ்டரே வேற்றுத் தெய்வத்தின் பெயராமே' என்று தயங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எயோஸ்த்ரே என்ற தெய்வத்தின் பெயரிலிருந்து ஈஸ்டர் என்ற சொல் வந்தது என்று 8ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் துறவி பீட் எழுதியிருக்கிறார். அது ஆங்கிலச் சொல்லைப் பற்றிய செய்தி. பிரெஞ்சு, இத்தாலி, ஸ்பெயின், டச்சு, ரஷ்ய மொழிகளிலெல்லாம் விழாவின் பெயர் பஸ்காவிலிருந்தே வருகிறது. பாஸ்கல் என்ற பெயருக்கு அந்தத் தயக்கம் தேவையே இல்லை.

பாஸ்கா எப்போது வரும்?

சரி, திருநாள் பெயர் என்றால் நாள் எது? கிறிஸ்துமஸ் போல நிலையான தேதி கிடையாது. யூதர்களின் பாஸ்கா வசந்தகாலத்தில், நிசான் மாதப் பௌர்ணமியை ஒட்டி வரும். உயிர்த்தெழுந்தது ஞாயிறு. நிலவும் ஞாயிறும் சேர்ந்து தேதியை முடிவு செய்கின்றன. கி.பி. 325இல் கூடிய நிசேயா பொதுச்சங்கம், எல்லாச் சபைகளும் ஒரே ஞாயிற்றில் கொண்டாட வேண்டும் என்று முடிவெடுத்தது. நிலைபெற்ற விதி இது: மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி எது என்று பார், அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். எடுத்துக்காட்டாக 2026இல் பௌர்ணமி ஏப்ரல் 2 வியாழன், ஈஸ்டர் ஏப்ரல் 5 ஞாயிறு. இந்த விதிப்படி ஈஸ்டர் மார்ச் 22க்கு முன் வராது, ஏப்ரல் 25க்குப் பின் போகாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பாஸ்கா ஒரு நாளோடு முடிவதில்லை. உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி, தூய ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே ஞாயிறு வரை 50 நாள்கள். இந்த ஐம்பது நாள்களுக்கும் பாஸ்கா காலம் என்று பெயர். பெந்தெகொஸ்தே மே 10 முதல் ஜூன் 13 வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

இந்தக் காலத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஈஸ்டருக்கு முந்தைய இரவு கத்தோலிக்கக் கோவிலுக்குப் போய் நில்லுங்கள். விளக்கெல்லாம் அணைந்திருக்கும். வாசலில் நெருப்பு மூட்டியிருப்பார்கள். குருவானவர் ஒரு பெரிய மெழுகுதிரியில் சிலுவை கீறுவார். கிரேக்க நெடுங்கணக்கின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் கீறி, அந்த ஆண்டின் நான்கு இலக்கங்களையும் சிலுவையின் நான்கு மூலையிலும் எழுதுவார். ஐந்து காயங்களின் நினைவாக ஐந்து சாம்பிராணி மணிகளைக் குத்துவார். புது நெருப்பில் திரியைப் பற்ற வைத்து இருட்டுக்குள் எடுத்துப் போவார்கள். அதுதான் பாஸ்கா திரி. ஐம்பது நாளும் அது பீடத்தருகே நிற்கும். பிறகு திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். ஆண்டில் எந்த மாதம் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாலும், ஞானத்தாய் ஞானத்தந்தை கையில் பிடிக்கும் சின்ன மெழுகுதிரியை அந்தத் திரியிலிருந்துதான் ஏற்றுவார்கள்.

திருச்சபையின் முதல் நூற்றாண்டுகளில் ஞானஸ்நானம் பெரும்பாலும் கொடுக்கப்பட்டதே இந்த இரவில்தான். ஆகவே பாஸ்கல் என்ற பெயருக்கு இரண்டு வழி உண்டு. இந்தக் காலத்தில் பிறந்தவருக்கு வைக்கலாம், இந்தக் காலத்தில் திருமுழுக்குப் பெற்றவருக்கும் வைக்கலாம்.

ஈஸ்டரில் பிறக்காத பாஸ்கல்

பெயருக்குச் சொந்தக்காரரான முக்கியப் புனிதரே ஈஸ்டர் அன்று பிறக்கவில்லை. புனித பாஸ்கல் பாய்லோன் ஸ்பெயினின் அரகோன் பகுதியில் 1540ஆம் ஆண்டு மே 16 அன்று பிறந்தார். அந்த ஆண்டு அது பெந்தெகொஸ்தே ஞாயிறு. ஸ்பெயின்காரர்கள் பெரிய திருநாள்கள் எல்லாவற்றையும் 'பாஸ்குவா' என்றுதான் சொல்வார்கள். உயிர்ப்பும் பாஸ்குவா, பெந்தெகொஸ்தேயும் பாஸ்குவா, கிறிஸ்துமஸும் பாஸ்குவா. பிள்ளைக்குப் பாஸ்குவால் என்று பெயர் வைத்தார்கள். ஆடு மேய்த்தவர். மேய்க்கும்போதே தானாக எழுத்துக் கற்றுக்கொண்டார். பிறகு பிரான்சிஸ்கன் சபையில் குருத்துவம் பெறாத சகோதரராகச் சேர்ந்து, வாசல் காப்பது, சமைப்பது போன்ற வேலைகளைச் செய்தார். 1592 மே 17 அன்று இறந்தார். அன்றும் பெந்தெகொஸ்தே ஞாயிறு! 1690இல் புனிதர் பட்டம் பெற்றார்.

ஸ்பெயினின் இந்த விரிந்த வழக்கம் உலகத்தின் பல மூலைகளில் தங்கிவிட்டது. பிலிப்பைன்ஸில் 'பாஸ்கோ' என்றால் கிறிஸ்துமஸ். அதே நாட்டில் ஒபாண்டோ என்ற ஊரில் ஒவ்வொரு மே 17ஆம் தேதியும் பிள்ளை வரம் வேண்டும் தம்பதிகள் இந்தப் புனிதரின் முன் நடனமாடுகிறார்கள். அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் பெயர் வந்ததும் இப்படித்தான். 1513இல் ஸ்பெயின் மாலுமி போன்ஸ் தெ லியோன் அந்தக் கரையைக் கண்டபோது ஈஸ்டர் முடிந்து சில நாள்கள் ஆகியிருந்தன. அந்தக் காலத்துக்கு 'பாஸ்குவா புளோரிடா', அதாவது 'பூக்களின் பாஸ்குவா', என்று பெயர். அதில் பூக்கள் மட்டும் நிலத்துக்குப் போயிற்று. பசிபிக் கடலின் ஈஸ்டர் தீவு, டச்சு மாலுமி ரோகவீன் 1722 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று வந்து சேர்ந்ததால் பெற்ற பெயர். பிள்ளைக்கு வைப்பதுபோலவே நாட்டுக்கும் தீவுக்கும் நாள் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதனால் 'ஈஸ்டரில் பிறந்தவன்' என்ற பொருளைக் கொஞ்சம் அகலப்படுத்திக்கொள்ள வேண்டும். 'பாஸ்கா காலத்தவன்' என்றால் சரியாக இருக்கும்.

புயல் செய்தியில் வரும் பாஸ்கல்

பள்ளிப் பாடத்தில் படித்த பாஸ்கல் விதியின் பாஸ்கல் இதுதானா என்று கேட்பீர்கள். அதேதான். பிரெஞ்சுக் கணித, இயற்பியல் அறிஞர் பிளேஸ் பாஸ்கலுக்கு (1623–1662) அது குடும்பப் பெயர். காற்றுக்கு எடை உண்டு, மேலே போகப் போக அதன் அழுத்தம் குறையும் என்பதைக் காட்ட 1648இல் தம் மைத்துனரைப் பாதரசக் குழாயோடு ஒரு மலையில் ஏறச் சொன்னவர் அவர். 1971இல் அழுத்தத்தின் அலகுக்கு அவர் பெயரை வைத்தார்கள். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சராசரியாக 1,013 ஹெக்டோபாஸ்கல். வங்கக் கடலில் புயல் உருவாகும்போது வானிலை அறிக்கையில் அந்த எண் இறங்கிக்கொண்டே வரும். எகிப்திலிருந்து கிளம்பிய ஓர் இரவின் பெயர் அங்கேயும் இருக்கிறது.

வைக்க நினைக்கிறவர்களுக்கு

பிரான்சில் 1960களில் தெருவுக்கு நாலு பாஸ்கல் இருந்தார்கள். இன்று அங்கேயும் குழந்தைகளுக்கு அரிதாகத்தான் வைக்கிறார்கள். தமிழில் எப்போதுமே அரிய பெயர்தான். பெண்பிள்ளைக்குப் பாஸ்கலின், பாஸ்கலினா என்ற வடிவங்கள் இருக்கின்றன. பிரெஞ்சில் பாஸ்கல் என்ற ஒலிப்பே பெண்ணுக்கும் பொருந்தும், எழுத்துக்கூட்டலில் மட்டும் கடைசியில் ஓர் எழுத்து கூடும்.

மார்ச் கடைசி முதல் ஜூன் பாதி வரை பிறக்கும் பிள்ளை என்றால், அந்த ஆண்டின் ஈஸ்டர் தேதியை நாள்காட்டியில் பார்த்து ஐம்பது நாள் எண்ணிக்கொள்ளுங்கள். அதற்குள் பிறந்தால் பெயர் கச்சிதமாகப் பொருந்தும். வேறு மாதத்தில் பிறந்தாலும் வைக்கத் தடையில்லை, அப்போது அது புனிதரின் பெயராக நிற்கும். ஈஸ்டர் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறினாலும் நாம விழாவுக்கு, அதாவது அந்தப் பெயர்கொண்ட புனிதரின் திருநாளுக்கு, நிலையான நாள் உண்டு, மே 17.

ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் 'எச்' சேர்த்தும் எழுதலாம், சேர்க்காமலும் எழுதலாம். முன்னது லத்தீன் வழி, பின்னது பிரெஞ்சு வழி. எதை எடுத்தாலும் பிறப்புச் சான்றிதழிலும் திருமுழுக்குச் சான்றிதழிலும் ஆதாரிலும் ஒரே மாதிரி எழுதச் சொல்லிவிடுங்கள். தமிழில் பாஸ்கல் என்று பதியும்போது கடைசி எழுத்து 'ல்'தானா, 'ர்' ஆகிவிட்டதா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.